கிராங்க், கிராங்க் சாஃப்ட்: பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தண்ணீர் இறைக்கும் மெசின்களும் தையல் மெசின்களும் திருத்துகிறேன். மெசினைக் கழற்றிப் போட்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். தோட்டக்காரர் ஒன்று கேட்பார், தைக்கிற அக்கா ஒன்று கேட்பா, பின்னேரம் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் பத்துக் கேட்பார்கள். பாதிக்கு மேல் ஒரே உறுப்பைப் பற்றித்தான் வரும்: கிராங்க். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். லேசானவை முன்னுக்கு, சிக்கலானவை பின்னுக்கு. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தப் பதிலைப் பார்க்கலாம் என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

கிராங்க் எண்டா என்ன? கைபிடியைத்தானே சொல்லுறீங்கள்?

வீட்டில் அம்மம்மாவின் திரிகை இன்னும் இருந்தால் அதற்கு முன்னால் போய் இருங்கள். மேல்கல்லின் நடுவில் குழி. அதில்தான் அச்சு நிற்கிறது. கைபிடிக் கட்டை நடுவில் இல்லை, கல்லின் ஓரத்தில் இறுக்கியிருக்கிறார்கள். அதை நடுவில் அடித்திருந்தால் உள்ளங்கை தேய்ந்ததுதான் மிச்சம், கல் அசையாது. ஓரத்தில் இருப்பதால் கை முன்னும் பின்னும் போய்வரக் கல் சுற்றுகிறது. நடு அச்சில் இருந்து அந்தக் கட்டை எவ்வளவு விலகி நிற்கிறதோ, அந்த விலகல்தான் கிராங்க். கைபிடி வெறும் பிடி. மேசையில் பூட்டிக் கையால் சுற்றும் தேங்காய்த் திருவலையிலும் இதே சங்கதிதான்.

அச்சு ஒன்று, அதில் இருந்து ஒதுங்கி நிற்கும் கை ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் போய்வரும் அசைவைச் சுழற்சியாக்கலாம், சுழற்சியைப் போய்வரும் அசைவாகவும் ஆக்கலாம். தமிழில் இதற்கு வணரி என்று ஒரு சொல் இருக்கிறது. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த கோட்டைச் சொல்லச் சங்கப் புலவர்கள் எடுத்த சொல். யாழின் பெயரை ஊர்ப்பெயரில் வைத்திருக்கிற எங்களுக்கு இது நெருக்கமான சொல்லாக இருக்க வேண்டும். பட்டறையில் எல்லாரும் கிராங்க் என்றே கதைப்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அப்ப கிராங்க் சாஃப்ட் எண்டுறது வேறயோ?

பழைய சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து நடுவில் மட்டும் ப எழுத்துப் போல மடியுங்கள். இரண்டு நுனிகளும் ஒரே கோட்டில் நிற்கும், நடுப்பகுதி ஒதுங்கி நிற்கும். நுனிகளைப் பிடித்துச் சுற்றினால் நடுப்பகுதி வட்டம் போடும். இதுதான் கிராங்க் சாஃப்ட். திரிகையில் கை ஒரு பக்கம் மட்டும் தாங்கலோடு நிற்கிறது; இங்கே இரண்டு பக்கமும் தாங்கல் இருப்பதால் பெரிய பலத்தைத் தாங்கும். ஒரே தண்டில் இப்படி நாலு மடிப்பு வைத்தால் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு ஆகும்.

சைக்கிள் பெடலும் கிராங்க் தானோ மாமா? அப்ப பிஸ்டன் எங்க?

பெடல் பூட்டியிருக்கிற அந்த இரும்புக் கைதான் கிராங்க். பெரியவர்களின் சைக்கிளில் அதன் நீளம் பெரும்பாலும் 170 மில்லிமீற்றர். எஞ்சினின் சிலிண்டர்க் குழாய்க்குள் போய்வரும் துண்டுதான் பிஸ்டன்; சைக்கிளில் அது நீங்கள்தான். தொடை மேலும் கீழும் போய்வருகிறது. முழங்காலில் இருந்து பாதம் வரை உள்ள கால், பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கும் இணைப்புத் தண்டின் வேலையைச் செய்கிறது. யாராவது சைக்கிள் ஓடும்போது பக்கத்தில் இருந்து முழங்காலை மட்டும் பாருங்கள். அது வட்டம் போடாது, ஏறி இறங்கும். பாதம் வட்டம் போடும். சைக்கிளின் முழுச் சூட்சுமமும் அந்த இரண்டு அசைவுக்கும் இடையில் இருக்கிறது.

கிராங்கை இன்னும் நீளமாக்கினா லேசா மிதிக்கலாமே? ஏன் ஒரு அடிக்கு வைக்கேல்ல?

கேட்டது சரியான கேள்வி. கை நீள நீள, அதே மிதிக்குக் கூடிய திருப்பு விசை கிடைக்கும். ஆனால் சைக்கிளின் பெடல் அச்சு நிலத்தில் இருந்து ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு அடி நீளக் கிராங்க் போட்டால் பெடல் றோட்டில் இடிக்கும். அதோடு பாதம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அடி ஏறி இறங்க வேண்டும். முழங்கால் நெஞ்சில் முட்டும். விசையில் கிடைக்கும் லாபத்தைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம்.

பெடல் ஒரு இடத்தில் மட்டும் "டக், டக்" என்று அடித்தால் கிராங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் தேய்ந்திருக்கும். அதோடு ஓட வேண்டாம். பின் மலிவு, அது தின்றுவிட்ட கிராங்கும் அச்சும் மலிவில்லை.

தையல் மெசினில கிராங்க் எங்க இருக்கு? நான் காணேல்லையே தம்பி.

கால் மெசின் என்றால் இரண்டு இடத்தில் இருக்கிறது, அதுதான் அந்த மெசினின் அழகு. முதலாவது கீழே. மிதிபலகை ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. அதில் இருந்து ஒரு தண்டு மேலே போய், பெரிய சில்லின் நடுவை விட்டு ஒதுங்கிய ஒரு முளையில் பூட்டியிருக்கிறது. காலின் ஆட்டம் அங்கே சுழற்சியாகிறது. தோல் பட்டி அந்தச் சுழற்சியை மேலே உள்ள சின்னக் கைச்சில்லுக்குக் கொண்டுபோகிறது. பெரியதில் இருந்து சின்னதுக்குப் போவதால் வேகம் கூடுகிறது.

இரண்டாவது மேலே. ஊசிப் பக்கத்து முகத்தகட்டின் ஒற்றை ஆணியைக் கழற்றிவிட்டுக் கைச்சில்லை மெல்லச் சுற்றுங்கள். உள்ளே ஒரு சின்ன வட்டத் துண்டு சுற்றும், அதன் ஓரத்தில் ஒரு முளை, அதில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு இணைப்பு. ஊசி பூட்டிய தண்டு அதில் தொங்கிக்கொண்டு ஏறி இறங்கும். ஆக, காலின் ஆட்டம் சுழற்சியாகி, சுழற்சி மறுபடி ஊசியின் ஆட்டமாகிறது. கிராங்க் போகவும் வேலை செய்கிறது, திரும்பி வரவும் வேலை செய்கிறது. ஒரு துளி ஒயில் விட்டுவிட்டு முகத்தகட்டைப் பூட்ட மறக்க வேண்டாம்.

மிதிக்க வெளிக்கிட்டா சில நேரம் பின்பக்கமாச் சுத்தி நூல் அறுந்துபோகுது. சில நேரம் அசையவே மாட்டனெண்டுது. மெசின் பழுதோ?

மெசின் பழுதில்லை அக்கா. கிராங்க் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இந்தப் பிரச்சினை வரும். தண்டும் கிராங்க் கையும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும் அந்த இடங்களை டெட் சென்டர் என்பார்கள். நான் பிள்ளைகளுக்கு முட்டுநிலை என்று சொல்லிக் கொடுப்பேன். அந்த நிலையில் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் தள்ளல் முழுதும் அச்சிலேயே போய் முட்டும், திருப்பாது. சைக்கிளில் ஒரு பெடல் நேர் மேலே நிற்கும்போது அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். அதேதான்.

முட்டுநிலைக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்றால் முன்னுக்குச் சுற்றும், அந்தப் பக்கம் நின்றால் பின்னுக்குச் சுற்றும். மிதிக்கும் காலுக்கு அது தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்துத் தையல்காரர்கள் முதலில் வலது கையால் கைச்சில்லைத் தம் பக்கமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பிறகு மிதிப்பார்கள். அந்தத் தட்டுதான் திசையைத் தீர்மானிக்கிறது. கால் அதற்குப் பின்னால் போகிறது. ஒரு கிழமை பழகினால் கை தானாகவே போய்விடும்.

அப்ப ஒவ்வொரு சுத்துக்கும் ஆரோ தட்ட வேணுமே? ஓடத் தொடங்கினாப் பிறகு ஏன் நிக்குதில்லை?

பாரமான சில்லு காப்பாற்றுகிறது. ஒருமுறை சுழலத் தொடங்கிய இரும்புச் சில்லு லேசில் நிற்காது. தன் ஓட்டத்தாலேயே முட்டுநிலையைத் தாண்டிப் போய்விடும். தையல் மெசினின் கீழ்ச்சில்லை வார்ப்பிரும்பில் செய்ததும் இதற்குத்தான். எஞ்சினில் இந்தச் சில்லுக்குப் பெயர் ஃப்ளைவீல்.

தோட்டத்தில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நீர் இறைக்கும் மெசினை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் என்றால் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒரு தரம்தான் எரிபொருள் வெடித்துத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் செக்கனுக்கு 50 சுற்று, 25 வெடிப்பு. மீதி நேரமெல்லாம், புகையை வெளியே தள்ளுவதும் புதுக்காற்றை இழுப்பதும் அதை அமத்துவதும் சில்லு சேர்த்து வைத்த ஓட்டத்தில்தான். தள்ளல் கால்வாசி நேரம், சுமப்பது முக்கால்வாசி நேரம்.

பிஸ்டன் எவ்வளவு தூரம் போய்வரும் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கிராங்க் கையின் நீளத்தின் இரண்டு மடங்கு. கை 25 மில்லிமீற்றர் என்றால் பிஸ்டன் 50 மில்லிமீற்றர் போய்வரும். கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

கேம் எண்டும் ஒண்டு சொல்லுறீங்கள். அதுவும் உதைத்தானே செய்யுது?

இல்லை. கேம் என்பது முட்டை வடிவத் துண்டு. அது சுற்றும்போது தன்மேல் இருக்கும் ஒன்றைத் தூக்கிவிடும், அவ்வளவுதான். கீழே இறக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும், அல்லது பாரம் வேண்டும். கிராங்கோ இணைப்புத் தண்டோடு பூட்டியிருப்பதால் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். எஞ்சினில் பிஸ்டனுக்குக் கிராங்க், வால்வுக்குக் கேம்.

ஆனால் கேமுக்கு ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. எப்போது ஏற வேண்டும், எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று விரும்பியபடி வெட்டிக்கொள்ளலாம். கிராங்குக்கு ஒரே தாளம்தான் தெரியும். பழைய தையல் மெசின்களில் ஊசியைக் கிராங்கும், நூலைத் தூக்கும் கையை உருளையில் வெட்டிய பள்ளமும் ஓட்டுகின்றன. நூல் சில இடத்தில் தளர வேண்டும், சில இடத்தில் சட்டென இறுக வேண்டும். அந்தக் கணக்குக் கிராங்குக்கு வராது. பள்ளமாக வெட்டினால் கேமும் இரண்டு பக்கமும் இழுக்கும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

நல்லூர்த் திருவிழாவில வாங்கின வண்ணத்துப்பூச்சி, தள்ளிக்கொண்டு போகச் சிறகடிக்குது. பற்றரி இல்லையே, எப்பிடி?

தடியின் நுனியில் இரண்டு சில்லு, மேலே பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சி, தள்ளினால் சடசடவென்று அடிக்கும். அந்தச் சில்லைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் இருந்து ஒதுங்கி ஒரு சின்ன முளை இருக்கும், அதில் இருந்து ஒரு கம்பி சிறகுக்குப் போகும். சில்லே கிராங்க். நிலம் சில்லைச் சுற்றுகிறது, முளை வட்டம் போடுகிறது, கம்பி சிறகை ஏற்றி இறக்குகிறது.

போன வருடம் ஒரு சின்னப் பெடியன் அழுதுகொண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். சில்லுக் கழன்றுவிட, அப்பா திரும்பப் பூட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது ஒரு சிறகு ஏறும்போது மற்றது இறங்குகிறது, "பூச்சி நொண்டுது மாமா" என்றான். உடைந்தது எதுவும் இல்லை. இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகி நிற்பவை. ஒன்றை அரைச்சுற்றுத் தள்ளிப் பூட்டிவிட்டார்கள், அதனால் ஒரு முளை மேலே நிற்க மற்ற முளை கீழே நின்றது. கழற்றி, இரண்டு முளையையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து அழுத்திக் கொடுத்தேன். பட்டறை முற்றத்திலேயே நாலு தரம் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் போனான். இந்த அரைச்சுற்றுக் கதையை மறக்க வேண்டாம், கீழே மோட்டார் சைக்கிளில் மறுபடி வரும்.

வீட்டில பிள்ளைகள் செய்து பாக்கிறதெண்டா என்ன வேணும்?

சப்பாத்து வந்த மட்டைப் பெட்டி, பழைய சைக்கிள் கம்பி, குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோ, இன்னும் மெல்லிய ஒரு கம்பித் துண்டு. சைக்கிள் கம்பியை மேலே சொன்னதுபோல ப வடிவில் மடியுங்கள். மடிப்பின் ஆழம் 2 சென்ரிமீற்றர் போதும். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் துளை போட்டு அதில் நுழைத்து, வெளியே நீட்டும் நுனியைக் கைபிடியாக மடியுங்கள். மெல்லிய கம்பியின் ஒரு முனையைக் கிராங்க் மடிப்பில் தளர்வாக வளையம் போட்டு, மற்ற முனையைப் பெட்டி மேல்மூடியில் நட்ட ஸ்ட்ரோ வழியாக மேலே எடுங்கள். உச்சியில் மட்டையில் வெட்டிய மீனை ஒட்டினால் கைபிடியைச் சுற்றச் சுற்ற மீன் துள்ளும். மடிப்பு 2 சென்ரிமீற்றர் என்றால் மீன் 4 சென்ரிமீற்றர் துள்ளும். அடிக்கோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பிழைகள் எல்லாப் பிள்ளைகளும் விடுவார்கள். ஒன்று, கம்பிக்குப் பதிலாக நூல் கட்டுவது. நூல் இழுக்கும், தள்ளாது, மீன் ஏறாது. மற்றது, வளையத்தை இறுக்கிவிடுவது. கிராங்க் சுற்றும்போது வளையம் அதன்மேல் வழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி முறுகும். அது சரிவந்த பிறகு ஒரே தண்டில் மூன்று மடிப்பு வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதில் இருந்து 120 பாகை திருப்பிவிட்டு மூன்று மீன் பூட்டட்டும். அலை ஓடுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். பிள்ளைகளின் முகத்தை அந்த நேரம் பார்க்க வேண்டும்.

இதை முதன்முதல் கண்டுபிடிச்சது ஜேம்ஸ் வாட் எண்டு எங்கட சேர் சொன்னவர். சரியோ?

கிராங்க் வாட்டுக்கு மிகவும் முந்தியது. ஓரத்தில் கைபிடி வைத்த திரிகையையே பலர் முதல் கிராங்காகக் கொள்கிறார்கள். சீனாவில் ஹான் அரசர் காலத்திலேயே கிராங்கால் சுற்றும் தானியம் தூற்றும் விசிறி இருந்தது. இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபொலிஸ் என்ற பழைய நகரில், கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல்லில் தண்ணீர்ச் சில்லால் ஓடும் கல் அறுக்கும் வாளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் கிராங்கும் இணைப்புத் தண்டும் சேர்ந்து வருகின்றன. 1206இல் அல் ஜசரி என்ற அறிஞர் எழுதி முடித்த நூலில், இரண்டு சிலிண்டர் வைத்துத் தண்ணீர் இறைக்கும் பொறியில் கிராங்க் வருகிறது. எங்கள் தோட்டத்து மெசின் செய்யும் அதே வேலை.

வாட்டின் கதை இதைவிடச் சுவையானது. 1780இல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் நீராவி எஞ்சினில் கிராங்கைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அந்த யோசனை தன் பட்டறையில் இருந்து கசிந்தது என்று வாட் நம்பினார். ஆனாலும் அதற்குப் பணம் கட்ட அவருக்கு மனமில்லை. 1781இல், ஒரு பற்சில்லைச் சுற்றி இன்னொரு பற்சில்லு வலம்வரும் வேறொரு முறைக்குக் காப்புரிமை எடுத்து அதை வைத்து எஞ்சினை ஓட்டினார். பிக்கார்ட்டின் காப்புரிமை 1794இல் முடிந்தது. அதன்பிறகு கிராங்க்தான் நிலைத்தது.

அப்பா சைக்கிள் மிதிச்சு ரேடியோ கேட்டவராம். கதை விடுறாரோ?

கதையில்லை, முழு உண்மை. 1990இல் போரால் இங்கே மின்சாரம் நின்றுபோனது. பற்றரியும் தடைசெய்த பொருள். செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ரயரில் டைனமோவைச் சாய்த்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி இருப்பார்கள். சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட். அதில் வருவது முன்பின்னாக மாறும் மின்சாரம். ரேடியோவுக்கு ஒரே திசையில் போக வேண்டும் என்பதால் இடையில் டயோட் போட்டுச் சீராக்குவார்கள்.

இங்கேயும் முட்டுநிலை உண்டு. பெடலைக் கையால் சுற்றினால் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கை தளரும். ஆனாலும் குரல் நின்று நின்று வராது, ஏனென்றால் பின் சில்லு தன் ஓட்டத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். ஃப்ளைவீல் பற்றி மேலே சொன்னதை அன்றைக்கு எங்கள் முற்றங்களில் சைக்கிள் சில்லுச் செய்தது. செய்தி முடியும் வரை தோள் வலிக்கச் சுற்றிய பெடியங்களில் நானும் ஒருவன்.

லாண்ட்மாஸ்டர் கைபிடி திருப்பி அடிச்சுக் கை முறியும் எண்டு சொல்லினம். எப்பிடிப் பிடிக்க வேணும்?

லாண்ட்மாஸ்டர் என்பது இரண்டு சில்லு உழவு மெசின், கைபிடியால் சுற்றி எழுப்புவது. இதைக் கவனமாக வாசியுங்கள். கைபிடியின் நுனியில் சரிவாக வெட்டிய பல் இருக்கும். எஞ்சின் முன்பக்கம் பற்றி ஓடத் தொடங்கினால் அந்தச் சரிவு கைபிடியை வெளியே தள்ளிவிடும். ஆனால் பிஸ்டன் மேல் முட்டுநிலையைத் தாண்டும் முன்பே வெடித்தால் எஞ்சின் ஒரு கணம் பின்பக்கம் உதைக்கும். அப்போது பல்லின் நேர்ப்பக்கம் கைபிடியை விடாது, உங்கள் கையோடு சேர்த்துச் சுழற்றும்.

அதனால் பெருவிரலைக் கைபிடியைச் சுற்றிப் போடக் கூடாது. மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். உதைத்தால் கைபிடி உள்ளங்கையை விட்டு வழுக்கி ஓடும். கீழே அமத்திச் சுற்றாமல் மேலே இழுக்கும் பக்கத்தில் பலம் கொடுங்கள். டீசல் மெசினில் அமுக்கத்தைத் திறந்துவிடும் நெம்பு இருந்தால் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் நல்ல வேகம் வரும் வரை சுற்றி, பிறகு நெம்பை விடுங்கள். ஃப்ளைவீலில் சேர்ந்த ஓட்டம் முதல் அமுக்கத்தைத் தாண்ட வைக்கும். மெல்லச் சுற்றிக்கொண்டு நெம்பை விடுவதுதான் ஆபத்து. சாரத்தை இறுக்கிக் கட்டுங்கள், தோளில் துவாய் வேண்டாம், சின்னப் பிள்ளைகளை இதில் விட வேண்டாம்.

எங்கள் றோட்டுகளில் ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களின் முன்பக்கத்திலும் இந்தக் கைபிடிக்கு ஒரு துளை இருக்கும். காரைச் சுவிச்சில் எழுப்பும் மோட்டரை சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்க, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் அது வந்தது. ஆனாலும் பற்றரி இறங்கினால் உதவட்டும் என்று கைபிடியைப் பல காலம் வைத்திருந்தார்கள்.

கிராங்க் கால் சுத்துச் சுத்தினா பிஸ்டன் சரியா அரைவாசித் தூரம் வந்திருக்கும், இல்லையோ?

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவர் கேட்டது. எல்லாரும் ஆம் என்பார்கள், ஆனால் இல்லை. கிராங்க் கை 25, இணைப்புத் தண்டு 100 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மேல் முட்டுநிலையில் அச்சில் இருந்து பிஸ்டன் 125இல் நிற்கும். கால் சுற்றுச் சுற்றியதும் தண்டு சாய்ந்து நிற்கும். பைதகரசின் தேற்றப்படி அதன் நேர் உயரம் 100 இல்லை, 96.8. ஆகவே பிஸ்டன் 28.2 மில்லிமீற்றர் இறங்கியிருக்கும், 25 இல்லை. சரியான அரைவாசிக்கு அது 83 பாகை அளவிலேயே வந்துவிடும்.

தண்டு சாய்வதுதான் காரணம். கிராங்கின் வளைவோடு தண்டின் சாய்வும் சேர்ந்து பிஸ்டனை இழுக்கிறது. இதனால் மேல்பாதி ஓட்டம் வேகமாகவும் கீழ்ப்பாதி மெதுவாகவும் நடக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசம் வெறும் கணக்கில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்கின் வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு நடுக்கம் இருப்பது இதனால்தான். தண்டை நீளமாக்கினால் வித்தியாசம் குறையும், எஞ்சினின் உயரம் கூடும்.

சீடீ 125 மோட்டார் சைக்கிள் கழட்டினனான் அண்ணை. ரெண்டு பிஸ்டனும் ஒண்டா ஏறி ஒண்டா இறங்குது. ஒண்டு ஏற மற்றது இறங்கினாத்தானே நடுக்கம் குறையும்?

வண்ணத்துப்பூச்சிக் கதையை நினைத்துப் பாருங்கள். இரண்டு கிராங்க் மடிப்பையும் ஒரே பக்கம் வைக்கலாம், அரைச்சுற்றுத் தள்ளியும் வைக்கலாம். அரைச்சுற்றுத் தள்ளி வைத்தால் ஒன்றின் பாரத்தை மற்றது ஈடுசெய்யும், நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெடிப்புகளின் இடைவெளி கெட்டுவிடும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும். அரைச்சுற்று வித்தியாசத்தில் ஒரு வெடிப்பு, உடனே அரைச்சுற்றில் அடுத்த வெடிப்பு, பிறகு ஒன்றரைச் சுற்று ஒன்றுமில்லை. தாளம் நொண்டும்.

இரண்டும் ஒன்றாக ஏறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக ஒரு வெடிப்பு விழும். அந்த வண்டியின் சீரான சத்தம் அதில் இருந்து வருகிறது. நடுக்கத்தைச் சமாளிக்க வேறு வழி இருக்கிறது, அடுத்த பதிலில் வருகிறது. நாலு சிலிண்டர் வாகனங்களில் வெளியே உள்ள இரண்டும் ஏற, உள்ளே உள்ள இரண்டும் இறங்கும். அங்கே தாளமும் சீர், பாரமும் பெரும்பாலும் சமம்.

கிராங்க் சாஃப்டில ரெண்டு பக்கமும் கட்டி கட்டியா இரும்பு விட்டிருக்கினமே, வீண் பாரம் இல்லையோ?

வீணில்லை. கிராங்க் கை ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதால், ஈரத்துணியைக் கையில் சுழற்றும்போது இழுப்பதுபோல அது சுழலும்போது அச்சை வெளியே இழுக்கும். எதிர்ப்பக்கம் பாரம் வைத்தால் இழுப்பு ஈடாகும். ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டனின் பாரத்தை முழுதும் ஈடுசெய்ய முடியாது: பிஸ்டன் நேராகப் போய்வருகிறது, எதிர்ப்பாரம் வட்டம் போடுகிறது. முழுதும் ஈடுசெய்தால் மேல்கீழ் நடுக்கம் போய்ப் பக்கவாட்டு நடுக்கம் வரும். அதனால் அரைவாசி அளவுக்கு வைத்து இரண்டையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இறைக்கும்போது மெசின் மெல்ல மெல்ல நகர்ந்து வாய்க்காலுக்குள் இறங்கப் பார்ப்பது இந்த மீதி நடுக்கத்தால். கல் வைத்து அணைகொடுங்கள்.

கிராங்க் சாஃப்ட் முறிஞ்சுபோச்சு. ஒட்டித் தரேலுமோ?

ஏலாது என்றே சொல்வேன். என் மேசையில் முறிந்த கிராங்க் சாஃப்ட் ஒன்று எப்போதும் கிடக்கும். கேட்பவர்களுக்கு அதைக் கையில் கொடுப்பேன். முறிந்த முகத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் வழுவழுவென்று கறுத்திருக்கும், மீதி சீனிக்கட்டி உடைந்ததுபோலப் பளபளக்கும். கறுத்த பகுதி ஒரு நாளில் முறிந்ததில்லை. கை அச்சோடு சேரும் மூலையில் ஒரு மயிர்க்கோடு விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியிருக்கிறது. 3,000 சுற்று வேகத்தில் ஒரு மணி நேரம் இறைத்தால் 1,80,000 தரம் அந்த மூலை வளைந்து நிமிர்கிறது. பளபளக்கும் மீதிதான் கடைசி நாள் ஒரேயடியாகப் போனது.

வெல்டிங் சூடு அந்த மூலையை இன்னும் பலவீனமாக்கும், தண்டும் நேர்விட்டு வளையும். ஒருமுறை எனக்கு ஒட்டின கிராங்க் ஒன்று வந்தது. வேறொரு இடத்தில் செய்வித்து மூன்று நாள் ஓடியிருக்கிறது. முறிந்தபோது இணைப்புத் தண்டு எஞ்சின் உடம்பையும் துளைத்துவிட்டது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரத்தில் அந்த மனிசன் மெசினையே இழந்தார். தேய்ந்ததை மட்டும் திருத்தலாம். லேத் பட்டறையில் கிராங்க் கடைந்து 0.25, 0.50 மில்லிமீற்றர் என்று படிப்படியாகச் சிறிதாக்கி, அதற்கேற்ற தடித்த பெயாரிங் போடுவார்கள். அதற்கும் முன்னால் ஒயிலைப் பாருங்கள். கிராங்க் பெயாரிங்கின் இரும்பில் தொட்டு ஓடுவதில்லை, இடையில் உள்ள ஒயில் படலத்தில் மிதந்து ஓடுகிறது. படலம் போனால் எல்லாம் போகும்.

இப்ப எல்லாம் கறண்ட் மோட்டர். அப்ப கிராங்க் இனித் தேவைப்படாதே?

மின் ஸ்கூட்டரில் கிராங்க் இல்லை, உண்மை. மோட்டர் பிறப்பிலேயே சுழல்கிறது, பிஸ்டனின் ஆட்டத்தைச் சுழற்சியாக்கும் வேலை அங்கே இல்லை. ஆனால் திரும்பி வரும் வேலை நிற்கவில்லை. பஸ் கண்ணாடியைத் துடைக்கும் கையின் மோட்டர் எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. கை இரண்டு பக்கமும் போய்வருவது கிராங்கால். பல வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளின் அமுக்கிக்குள்ளும் ஒரு சின்னக் கிராங்கும் பிஸ்டனும் ஓடுகின்றன.

நம்பிக்கை வராவிட்டால் இரவைக்கு மேசை விசிறியைப் பாருங்கள். மோட்டருக்குப் பின்னால், கழுத்துக்குக் கீழே, ஒரு சின்ன வட்டத் துண்டும் அதில் இருந்து கழுத்துக்குப் போகும் ஒரு தட்டையான இரும்பும் தெரியும். விசிறி இடமும் வலமும் தலையாட்டுவது அந்தக் கிராங்கால். ஒவ்வொரு ஓரத்துக்கும் போனதும் விசிறி ஒரு கணம் தயங்கி நின்று பிறகு திரும்பும். ஓரத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும் காற்றுக் கொஞ்ச நேரம் கூட நிற்கும், நடுவில் இருப்பவரைச் சட்டெனக் கடந்து போகும். அக்கா மிதித்தபோது கால் உணர்ந்த அந்த முட்டுநிலைதான் அது, இங்கே மறுபக்கத்தில் இருந்து தெரிகிறது.